சித்தி மிச்சம் வைத்த மாத்திரைகள்

சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த சித்திக்கு, சிங்கப்பூர் வந்த சில மாதங்களிலேயே நீர்க்கடுப்பு வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது.

அம்மா அவளைத் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனாள். எல்லா மாத்திரையையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் டாக்டர் கொடுத்தார். எரிச்சல் அடங்கியதும் சித்தி நிறுத்திவிட்டாள். மிச்சத்தைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். எதையும் வீணாக்காத மருமகள் என்று வீட்டில் அவளுக்கு நல்ல பெயர். மறுபடி எரிந்தபோது டின்னிலிருந்து இரண்டு போட்டுக்கொண்டாள், கேட்டது. அதோடு விட்டாள். அப்புறமும் அப்படியே.

கடைசித் தடவை கேட்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட, அப்படியே சரிந்தாள். சித்தப்பா துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் நானும் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பார்த்தவர் ஒரு சீன லேடி டாக்டர். கான்வென்டில் படித்த எனக்குத்தான் ஆங்கிலம் தெரியும் என்பதால் பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் சித்தியின் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா கட்டிலோரம் நின்று வாய்க்குள்ளேயே மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, சிறுநீரைச் சோதித்த முடிவு வந்ததும் டாக்டர் ஒரு காகிதத்தில் பெரிய வட்டம் போட்டார். சித்தியின் கிருமியை வளர்த்துப் பார்த்த தட்டாம் அது. உள்ளே சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மருந்தாம். ஒன்றைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறுமையாக இருந்தது. சித்தி சாப்பிட்ட மருந்தைச் சுற்றியோ ஒட்டி ஒட்டி வளர்ந்திருந்தது.

“சித்தி, உங்க கிருமி அந்த மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குதாம்.”

“மாத்திரை பழசாப் போயிடுச்சான்னு கேளு.”

கேட்டேன். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். மாத்திரை கெடவில்லை, கிருமிதான் மாறிவிட்டது. பாதியில் நிறுத்தும்போது பலவீனமானவை செத்து, பலமானவை தங்கிப் பெருகிவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் வந்த சித்தப்பா இதைக் கேட்டும் ஒப்பவில்லை. “அவ உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு, அவ்ளோதான்லா.”

உடம்புக்கு இல்லை, கிருமிக்கு என்று நான் திருத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பிறகு வேறு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். இதுவும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்கச் சொன்னாள். பார்ப்போம் என்றார் டாக்டர். அதை மட்டும் நான், “கேட்குமாம்” என்று தமிழாக்கினேன். இரண்டு நாளில் சித்தி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

கிளம்பும்போது டாக்டர், நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கி வைக்கவே கூடாது என்றார். வீட்டுக் கக்கூஸ் கீழே, பின்கட்டில் இருந்தது. அதன் எதிரில் கீழ்வீட்டு ஆண்கள் பெஞ்சு போட்டுச் சீட்டாடுவார்கள். சித்தி வந்தால் பேச்சு நின்றுவிடும். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ஏன் என்று கேட்டால், உள்ளே கரப்பான்பூச்சி இருக்கு என்பாள். கதவுக்கு முதுகு காட்டி, அவர்களைப் பார்த்தபடி நான் நிற்க வேண்டும். பாடத்தை விட்டுவிட்டு வருவதில் எனக்கு எரிச்சல்தான்.

இவ்வளவு பெரியவள் கரப்பான்பூச்சிக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று பள்ளிக்கூடத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.