பூனை மேல் போட்ட பழி

சித்தி உள்ளங்கையைச் சொறிந்தால் இன்றைக்கும் என் கண் உடனே அவள் கழுத்துக்குப் போகும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவள் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தி ஒரு பிராணிகள் கிளினிக்கில் உதவியாளர். அங்கே யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'இரும்புப்பிடி' என்பார்கள். ஊசி போடுவது டாக்டர். போட்டு முடிக்கும்வரை அந்த நாயையோ பூனையையோ அசையாமல் பிடித்திருப்பது சித்தி. பதினான்கு வருஷமாக அதுதான் அவள் தொழில். பூனையாக இருந்தால் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொள்வாள். பெரிய நாயாக இருந்தால் ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. கன்னத்தை அதன் முதுகில் வைத்துவிடுவாள். "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல, முடிஞ்சிருச்சு" என்பாள். ஊசியே இன்னும் உறையை விட்டு வெளியே வந்திருக்காது. ஆனால் அந்தக் குரலை நம்பி எல்லாம் அடங்கிவிடும்.

ஊசிக்கு முன்னால் பிராணியைக் கொண்டு வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்பாள். "இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து குடுத்து மூஞ்சி வீங்கியிருக்கா, சொறிஞ்சிக்கிச்சா?" டாக்டர் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள்.

இந்த வேலையில் கடி வாங்காமல் இருக்க முடியாது. கடிபட்டால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழாயடியில் கையைக் கழுவ வேண்டியது, ஸ்பிரிட் ஊற்ற வேண்டியது, கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் பிரித்துப் போட்டிருக்கும் மாத்திரை அட்டையிலிருந்து இரண்டு கேப்ஸ்யூலை விழுங்க வேண்டியது, மேலே பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டிவிட்டு அடுத்த நாயைப் பிடிக்கப் போக வேண்டியது. கேப்ஸ்யூல் நாய்க்கும் பூனைக்கும் வாங்கி வைத்தது. மனுஷனுக்கும் அதே மருந்துதானே என்று எல்லாரும் விழுங்குவார்கள். மறுநாள் வலி குறைந்தால் அதோடு விட்டுவிடுவார்கள்.

அப்படி விழுங்கிய நாட்களில் மூன்று முறை சித்திக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. வயிற்றிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு. மூன்றாவது முறை மேலுதடும் வீங்கியது. அன்றைக்கு நானும் அவள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தேன். சித்தி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அன்று கடித்தது ஒரு வெள்ளைப் பூனை. அதன் முடி தனக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டாள். முதல் இரண்டு முறை வேறு இரண்டு பூனைகள்மேல் பழி. தினமும் பத்துப் பூனையைக் கட்டிப்பிடிக்கிறவளுக்கு அந்த மூன்று பூனையின் முடி மட்டும் ஏன் ஆகவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சித்தி வீட்டில் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆரஞ்சு நிறக் கடுவன் பூனை வந்தது. முதுகில் கட்டி. டாக்டர் தொட்டதும் அது துண்டுக்குள்ளிருந்து பாம்பு மாதிரி நழுவி, சித்தியின் வலது கைக் கட்டைவிரல் அடியில் பல்லைப் பதித்துவிட்டது. இரண்டே இரண்டு சின்னத் துளை. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அன்றைக்கு அலமாரியில் அட்டை காலி. அதனால் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, பிளாஸ்திரி மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் அவளால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை ஊதிய ரப்பர் கையுறை மாதிரி இருந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை. மணிக்கட்டுவரை சிவப்பு ஏறியிருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. வேலைக்கு லீவு சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பக்கத்தில் நேரத்தை எழுதினார், பத்து நாற்பது. பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே தெரிவது புள்ளிதான், உள்ளே விரலை மடக்கும் தசைநார்வரை கிருமியைக் கொண்டுபோய் விட்டுவிடும் என்றார். பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டியது அந்தக் கிருமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய மாதிரி. அங்கே சீழ் ஓடினால் கை விறைத்துப்போகும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மத்தியானம் கீறிக் கழுவ வேண்டும். அதற்குமுன் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் போக வேண்டும்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?"

"இல்லங்க டாக்டர். பூனை முடிதான் ஒத்துக்காது."

"நல்ல வேலையாப் பாத்துதான் சேந்திருக்கீங்க."

டாக்டரம்மா சிரித்தார். சிஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள அந்த அறையில் இருந்த ஒரே வழி அந்தக் கேள்விதான்.

சிஸ்டர் ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே வெள்ளைத் தூள். அதில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கியபோது, என்ன மருந்து என்று கேட்டேன். ஒரே குப்பியில் இரண்டு மருந்து என்றார் அவர். முதல் மருந்து கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் உடைக்கும். ஆனால் சில கிருமிகள் அந்த மருந்தையே வெட்டிப்போட ஒரு கத்தரியை வைத்திருக்கும். "ரெண்டாவது மருந்து போய் அந்தக் கத்தரி வாயில சிக்கிக்கும். அதுக்கப்புறம் முதல் மருந்து நிம்மதியா வேலையப் பாக்கும்" என்றார். கடிக்காயம், தோலில் சீழ், வயிற்றுக்குள் வரும் தொற்று இவற்றுக்கெல்லாம் இது நல்ல மருந்தாம். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் துளிப் பிரயோஜனம் இல்லையாம். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரலாம். கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, முதல் மருந்து அந்தக் குடும்பம்தான் என்றார்.

பென்சிலின் என்ற பேரைச் சித்தி வாழ்க்கையில் விழுங்கியதில்லை. அவள் விழுங்கியது 'சிவப்பும் மஞ்சளுமாக இருக்குமே, அது'. அது எந்தக் குடும்பம் என்று அவளுக்குத் தெரியாது.

இடது கையில் குழாய் மாட்டி, சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டார் சிஸ்டர். அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்தார். சிஸ்டர் அங்கே ஓடினார்.

நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சர்ர், சர்ர் என்று ஒரு சத்தம். சித்தி இடது உள்ளங்கையைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடி. ஊசி மாட்டின இடம் குறுகுறுங்குது. ஒண்ணும் இல்ல, முடிஞ்சிருச்சு."

அது கிளினிக் மேஜையில் அவள் பேசும் குரல். நாய்களையும் பூனைகளையும் ஏமாற்றும் குரல். அவளேதான் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள், கத்துகிற பூனையைப் பற்றிப் பயமில்லை, அசையாமல் உட்கார்ந்திருக்கிற பூனைக்குத்தான் ரொம்ப முடியவில்லை என்று. இப்போது அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் காது மடல் சிவந்துகொண்டு வந்தது. பிறகு கழுத்தில் தடிப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நான் அவற்றைச் சமையலறையில் பார்த்திருக்கிறேன். அதே இடம், அதே வடிவம். இந்த அறையில் பூனை இல்லை.

"சித்தி, அன்னிக்குப் பூனை இல்ல. அந்த மாத்திரை."

ஆமாம் என்பதுபோல் அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். ஆனால் கண் வேறு எதற்கோ கெஞ்சியது. "பேசாம இருடி. அலமாரியில எடுத்தது தெரிஞ்சா எங்க டாக்டரோட கிளினிக்க இழுத்து மூடிருவாங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

கடைசி வார்த்தை குரலாகவே வரவில்லை. கரகரவென்று காற்று மாதிரி வந்தது. நான் குழாயை இரண்டாக மடித்து விரலால் நெரித்துக்கொண்டு சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன்.

சிஸ்டர் வந்த வேகத்தில் திரை கழன்று விழுந்தது. மருந்தை நிறுத்தினார். சித்தியை மல்லாக்கப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணையைத் திணித்து, தொடையில் ஓர் ஊசி போட்டார். முகத்தில் ஆக்ஸிஜன் மூடியை வைத்தார். டாக்டரம்மா ஓடிவந்தார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் எண்கள் இறங்கின. எனக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. சிஸ்டரின் முகத்தைப் படிக்கத் தெரிந்தது.

சித்தி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்கும்போல வலித்தது. வலிக்கட்டும், பிடித்திருந்தால் போதும் என்று நினைத்தேன். அப்போது அந்தப் பிடி தளர்ந்தது. ஒரு விரல், பிறகு இன்னொரு விரல். சீறும் நாய் உதறியும் விடாத கை, என் கையிலிருந்து துணி மாதிரி நழுவிக் கட்டிலில் விழுந்தது. நான் அன்றுவரை பட்ட பயத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது.

இரண்டாவது ஊசியைப் போட்டார்கள். வலது கை வீங்கியிருந்ததால் இடது கை ஊசியிலேயே குழாயை மாற்றி வெறும் உப்புநீரை வேகமாக ஏற்றினார்கள். நான் அவள் விரல்களை எடுத்து என் மணிக்கட்டைச் சுற்றி நானே வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்துக் கட்டைவிரல் லேசாக அழுத்தியது. பிறகு மற்றவை. எண்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்று சிஸ்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூச்சு சீரானதும் டாக்டரம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். அவளே மூடியை விலக்கி, அலமாரி, கீழ்த்தட்டு, சிவப்பும் மஞ்சளும், மூன்று முறை அரிப்பு, உதடு வீக்கம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாவம் அந்தப் பூனைங்க" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. அந்தச் சிவப்பு மஞ்சள் கேப்ஸ்யூலும் பென்சிலின் குடும்பம்தான் என்றும், வாயால் விழுங்கினாலும் ரத்தத்தில் ஏற்றினாலும் உடம்புக்கு அது ஒரே எதிரிதான் என்றும், இனி அந்தக் குடும்பத்து மருந்து எந்த ரூபத்திலும் கூடாது என்றும் சொன்னார். பிறகு சித்தியின் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

இத்தனை கலவரத்தில் நாங்கள் மறந்துபோன கை. சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் மேலே போயிருந்தது.

அதற்கென்றே இருந்த நல்ல மருந்து இப்போது கைவிட்டுப் போய்விட்டது. வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவை ஏறும்போது சிஸ்டர் கட்டிலை விட்டு நகரவில்லை. நானும் சித்தியின் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் கையைக் கீறிக் கழுவினார்கள். சாயங்காலத்துக்குள் முழங்கைக்குக் கீழே நான்கு கோடுகள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நேரம். நான்காவது கோடு போட்டபோது, "என்னடி, ஸ்கேல் வச்சு அளந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறாங்களா?" என்றாள் சித்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை என்பது தெரிந்தது.

மறுநாள் காலையில் சிவப்பு நான்காவது கோட்டுக்கு ஒரு நகம் அளவு கீழே நின்றிருந்தது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே சாதாரணத் தோல். அதைத் தொட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கிளினிக் டாக்டர் பார்க்க வந்தார். உட்காரவில்லை, கட்டிலின் கால்மாட்டில் நின்றே பேசினார். தன் கிளினிக்கைக் காப்பாற்ற அவள் உயிரையே பணயம் வைத்து விஷயத்தை மறைக்கப் பார்த்தது தெரிந்ததும் தலை குனிந்துகொண்டார். பூட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் போனார். இப்போது அந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது.

நான்கு மாதம் ஆயிற்று. கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. பெரிய நாய்களைப் பிடிக்க வேறு ஆள் வந்துவிட்டார். சித்தி முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறாள். கூடவே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "யாரு குடுத்தது, எங்க எடுத்ததுன்னு நான் கேக்க மாட்டேன். என்ன குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க." கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது, கூடாத மருந்தின் பேரோடு. நாய்க்குப் பட்டை கட்டின மாதிரி இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

போன வாரம் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையைச் சொறிந்தாள். நான் நிமிர்ந்தேன்.

"கொசுடி" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் கழுத்தைப் பார்த்தேன். காது மடலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சித்தி என்னைக் கேலி செய்யவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, உதட்டைப் பார்க்கக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாள்.