வெள்ளிக்கிழமை ஏற்றிய அப்டேட்

டீசல் மணம், உடைத்த ஐஸின் குளிர், அதற்கு நடுவில் "பீப்... பீப்..." என்று ஒரு சின்னச் சத்தம்.

என் முதல் வேலையை நினைத்தால் இந்த மூன்றும்தான் முதலில் வரும்.

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கு எங்கள் கம்பனி ஒரு பெட்டி பூட்டியிருந்தது. சோற்றுப் பார்சல் அளவுதான். படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் போனில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். கடலில் ஆபத்தென்றால் அமத்துவதற்கு ஒரு சிவப்புப் பட்டன். அந்தப் பட்டனை நம்பித்தான் சனம் பெட்டியை வாங்கியது.

ஒருநாள் கொழும்பு ஒபிஸில் இருந்து போன் கோல். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்றிருக்கிறார்கள்! அது தெரிந்த எவனும் வீட்டில் இருந்தபடியே அந்தப் பட்டனைச் செயலிழக்கச் செய்யலாம். ஓட்டையை அடைக்க அப்டேட் தயார்.

"ஞாயிறு விடியப்புறம் ரெண்டு மணிக்கு எல்லாத்துக்கும் ஒரேயடியா அனுப்புவம். அந்த நேரம் ஒருத்தரும் பாவிக்க மாட்டினம்," என்றார் மனேஜர்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"சேர், அந்த நேரம் நித்திரை கொள்ளுறது நீங்கள். எங்கட ஆக்கள் நடுக்கடலில நிப்பினம். அப்டேட் ஏறி முடியுமட்டும் சிவப்புப் பட்டன் வேலை செய்யாது. இடையில நிண்டா, முதல்ல இருந்து திரும்ப ஏத்துமட்டும் பெட்டி செத்ததுதான். ஏலாது."

"அப்ப எப்ப போடுறது?"

"வெள்ளிக்கிழமை, ஜும்ஆவோட."

மூதூர், கிண்ணியா முஸ்லிம் ஆக்களின் படகுகள் ஜும்ஆத் தொழுகை முடியாமல் கடலுக்கு இறங்காது. கத்தோலிக்க ஆக்களின் படகுகள் ஞாயிறு பூசைக்குக் கரையில் நிற்கும். இரண்டு நாள், ஒவ்வொரு படகாக ஏறி, கேபிளைக் குத்தி ஏற்றினால் வேலை முடிந்தது. இதே திருகோணமலையில், லிங்கநகரில் வளர்ந்த எனக்கு இதுகூடத் தெரியாதா? அவ்வளவு தலைக்கனம்!

அந்த வெள்ளிக்கிழமை லப்டொப்போடு எட்டுப் படகு முடித்துவிட்டேன். ஒன்பதாவது, மூதூர் நிஸ்தார் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பள்ளிவாசலால் வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஐஸ் ஏற்றியாகிவிட்டது, ஆட்களும் தயார்.

"வேலை செய்யிற சாமான ஏன் தங்கச்சி நோண்டுறீங்க?"

"கள்ளன் பூருற ஓட்டை ஒண்டிருக்கு நானா. இருவது நிமிசம்தான்."

அரைமனதோடு விட்டார்.

பாதி ஏறியிருக்கும்... பெட்டியின் லைட் அணைந்தது. பீப் சத்தமும் இல்லை.

எதை அமத்தியும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நானாவின் போன் அடித்தது. அவருடைய மனைவி.

"புள்ளியக் காணல்ல... எங்க நிக்கிறீங்க?"

"கரையிலதான் நிக்கிறன். பயப்புடாத."

பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் குரல் நன்றாகவே கேட்டது. கரையில் நிற்கும்போதே இப்படி என்றால், கடலுக்குப் போன பிறகு அந்த மனுசி என்ன பாடுபடுவா?

"நானா, இது என்ட பிழை. ஆனா பெட்டியில லைட் எரியாம நீங்கள் போக ஏலாது."

"பெட்டி வர முந்தி நாங்க கடலுக்குப் போகல்லயா?"

"அப்ப வீட்டில போனைப் பாத்துக்கொண்டு ஒருத்தரும் இருக்கேல்ல."

நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இறங்குங்க தங்கச்சி, ஐஸ் கரையுது."

நான் இறங்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

"அப்ப நீங்களும் கடலுக்கு வாங்க!" என்று சொல்லி, கோபத்தில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

லைட் ஒருமுறை மின்னியது!

"நிப்பாட்டாதீங்கோ நானா! எஞ்சின் ஓடட்டும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் ஓடினால்தான் பெட்டியின் பற்றரி சார்ஜ் ஆகும். கரையில் நிற்கிற படகில் எஞ்சின் எங்கே ஓடுகிறது? மற்ற எட்டும் புதிய பற்றரிகள், தப்பிவிட்டன. படகு கரையில் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடித்த கெட்டிக்காரிக்கு, இந்தச் சின்ன விசயம் மண்டையில் ஏறவில்லை.

கயிறு அவிழ்க்காமல், எஞ்சின் உறும உறும, முதலில் இருந்து ஏற்றினேன். கடைசியில் பெட்டி "பீப்" என்றது. சிவப்புப் பட்டனை அமத்திச் சோதித்தோம். அலாரம் என் போனில் அலறியது. அடுத்த நிமிடம் அவருடைய போன் அடித்தது, மனைவிதான்.

"புள்ளி வந்திட்டு."

அதைக் கேட்டபிறகுதான் படகை விட்டு இறங்கினேன்.

இப்போதெல்லாம் அப்டேட் கேபிள் இல்லாமல் காற்றிலேயே போகிறது. நான் டவுனில் ஒரு ஏசி அறையில் இருக்கிறேன். படகு கரையில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், படகுக்காரர் சம்மதித்துப் பெட்டியில் "ஓம்" அமத்த வேண்டும்... இந்த மூன்றும் இல்லாமல் எந்த அப்டேட்டும் ஏறாது. அந்த விதியை எழுதியது நான்தான். எந்தப் பற்றரி பலவீனம் என்று ஸ்கிரீன் சொல்லிவிடும். யார் கோபமாக நிற்கிறார், யார் வீட்டில் பயந்துபோய் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. சில வெள்ளிக்கிழமைகளில் மனம் துறைமுகத்துக்குப் போய்விடும்.

போன மாதம் ஒரு அப்டேட் அனுப்பினேன். எல்லாரும் அமத்திவிட்டார்கள், நிஸ்தார் நானா மட்டும் மிச்சம். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து கோல் வந்தது.

"தங்கச்சி, பெட்டி ஓம் அமத்தச் சொல்லுது. ஆர் அனுப்பினதெண்டு போடல்ல. ஆரெண்டு தெரியாம நான் அமத்த மாட்டன்."

"நான்தான் அனுப்பினனான் நானா."

"அப்ப சரி."

ஸ்கிரீனில் அவருடைய படகும் பச்சையானது. இத்தனை வருடமாகக் கள்ளன் பூரும் ஓட்டைகளை அடைக்கிறேன். அனுப்புகிற ஆள் யாரென்று பெட்டியில் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த அப்டேட்டில் என் பெயர் இருக்கும். மனேஜரிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.