முதல் மாதவிடாயும் எங்கள் பாமசிக் கவுண்டரும்

பாமசியில் நிற்பவருக்கு மருந்துகளின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, வாய்க்குள் முணுமுணுப்பதும் விளங்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. என் கடை வெள்ளவத்தையில், காலி வீதியில்.

யாருக்குப் பயம்?

ஒரு அம்மா மகளைச் சவர்க்காரத் தட்டுப் பக்கம் அனுப்பிவிட்டுப் பேட் பக்கெட் கேட்டார். பிள்ளைக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கிறாராம். "அவவிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றேன். "ஐயோ இல்லை மிஸ், சின்னப்பிள்ளை, பயந்திடுவா."

அவர் காசு கட்டப் போனதும் மகள் என்னிடம் வந்தாள். "அக்கா, நீச்சல் கிளாஸ் அண்டைக்குப் பீரியட்ஸ் வந்தா என்ன செய்யிறது?" அம்மாவிடம் கேட்கலாமே என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா பயந்திடுவா" என்றாள்.

கொச்சிக்கடை அப்பா

கூட்டம் குறையும்வரை இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் ஹட்டன் பக்கம், வேலை துறைமுகத்தில். மனைவி குவைத்தில் வீட்டு வேலை, மகளுக்குப் பத்து வயது. தான் இருக்கிற கொச்சிக்கடையில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறார்.

மகளுக்கென்று கேட்ட பேட் பக்கெட்டைக் கொடுத்த பிறகும் போகவில்லை. "இத எப்படி வைக்கிறதுன்னு காட்டிக் குடுங்க" என்றார். ஒன்றைப் பிரித்து, ஒட்டுகிற பக்கத்தையும், எப்போது மாற்றுவது, எப்படிச் சுற்றி எறிவது என்பதையும் காட்டினேன். காது சிவக்கச் சிவக்கக் கேட்டார். மனைவி போனில் சொல்லித் தரமாட்டாரா என்றேன்.

"சொல்லுவா மிஸ். ஆனா அன்னைக்கி வீட்டுல இருக்கப்போறது நான்தானே."

பெரிய பிளாஸ்டர்

பள்ளிக்கூடம் விட்ட நேரம், சீருடையோடு ஒரு பிள்ளை வந்து, "பெரிய பிளாஸ்டர் இருக்கா அக்கா?" என்றது. எங்கே காயம் என்றேன். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல், இரண்டு கையாலும் பின்பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது.

பிரஷர் பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். நேற்றிலிருந்து இரத்தமாம். அவளுடைய மாமி கான்சரில் செத்தவ. தனக்கும் அதுதான் என்று நினைத்து இரவெல்லாம் ஒருவரிடமும் சொல்லாமல் படுத்திருக்கிறாள். "இது வருத்தமில்லையம்மா, நோயொண்டும் இல்லை. பொம்பிளைப் பிள்ளைகள் பெரியபிள்ளையாகேக்க வாறதுதான். எனக்கும் வந்தது" என்று சொல்லிப் பேட்டும் கொடுத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்தோம். பக்கத்துத் துணிக்கடையில் வேலை செய்பவர், மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே மகள் சொன்னாள்:

"அம்மா, நான் சாகமாட்டனாம்!"

மூலத்துக்கு மருந்து கேட்பவர்கூட எங்கள் கடையில் சத்தமாகத்தான் கேட்கிறார். வருத்தமே இல்லாத இந்த ஒரு விசயத்துக்குத்தான் சனம் குரலைத் தாழ்த்துகிறது.