அரை மணி முந்தி ஓடிய கடிகாரம்

அந்த நாற்காலியில் மூன்றாவதாக உட்கார்ந்தவர் திரையில் எதைப் பார்த்தார்? நான்கு வருடங்களாகக் கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போதெல்லாம் பாவாவின் கடைச் சுவர்க் கடிகாரம் கண்முன் வருகிறது.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து கணினிகளோடு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தையும் ஐந்து கணினிகளையும் அரை மணி முந்தியே ஓடவிடுவார். "சரியான டைம் வச்சா எவனும் எழுந்துக்க மாட்டான். அரக்கோணம் வண்டிய வுட்டுட்டு அப்புறம் என்னத்தான் திட்டுவான்" என்பார். ஊரே பழகியிருந்தது, நானும்தான்.

ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, முடிவுகளை இணையத்தில் பார்க்கும் பக்கத்தை நான் எழுதிக் கொடுத்தேன். கடவுச்சொல் சரியென்றால் சர்வர் கணினிக்கு ஒரு சிறு சீட்டை அனுப்பும், குக்கி என்போம். அதைக் காட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அதன் ஆயுளை இருபது நிமிடமாக வைத்திருந்தேன். என் வீட்டில் சரியாக ஓடியது. பாவா கடையில் மட்டும் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்டது. "இன்னாம்மா, என் கடைன்னா உன் புரோகிராமுக்கு ஆவாதா?" என்று கேலி செய்தார். மூன்று நாள் தேடியும் புரியவில்லை. வீட்டில் கைக்குழந்தை. பொறுமையற்று, ஆயுளை ஒரு நாளாக நீட்டினேன். உடனே சரியானது. ஏன் சரியானது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது பள்ளிப்பட்டிலிருந்து ஓர் இளம்பெண் முடிவு பார்க்க வந்தாள், நெசவுக் குடும்பத்து மருமகள். கடவுச்சொல்லை நானே தட்டிக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து அதே கணினியில் பக்கத்தைத் திறந்தால், கடவுச்சொல் கேட்காமலே அவள் பெயரும் முடிவும் வந்து நின்றன. அந்த நோயின் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். உடனே வெளியேறும் பொத்தானை அழுத்தினேன்.

நடுவில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாவாவைக் கேட்டேன். "ரெண்டு பசங்க, பாட்டு கேட்டுகினு இருந்தானுங்க. அப்பால ஒரு அம்மா, பள்ளிப்பட்டு பஸ் வந்ததும் ஓடிச்சி. இன்னாம்மா, ஏன் மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?"

சர்வர் பதிவைப் பார்த்தேன். அந்தப் பெண் உள்ளே நுழைந்தது பத்தேகால். நான் அவளை உட்காரவைத்தபோது சுவரில் பத்தே முக்கால். அப்போதுதான் விளங்கியது. சீட்டு முடியும் நேரத்தைச் சர்வர் தன் மணிப்படி எழுதி அனுப்பும், கணினி அதைத் தன் மணியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முந்தி ஓடும் கணினியில் என் இருபது நிமிடச் சீட்டு கைக்கு வரும்போதே செத்திருந்தது. அதை நான் நாள் முழுக்க உயிரோடு வைத்துவிட்டேன். வெளியேறும் பொத்தானை யாரும் அழுத்துவதில்லை என்று தெரிந்தும்.

அன்றே ஆயுளை மறுபடி இருபது நிமிடமாக்கி, அதைக் கணக்கிடும் வேலையைச் சர்வரிடமே ஒப்படைத்தேன். பாவா ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினார். இறங்கியதும், "யாரும் பாக்கலன்னே வச்சிக்கோம்மா" என்றார்.

அப்படி வைத்துக்கொள்ள முடிந்தால்தானே! போன மாதம் கே.ஜி.கண்டிகை பேருந்து நிறுத்தத்தில் அந்த நெசவு வீட்டு மருமகளைப் பார்த்தேன். பிறந்த வீட்டோடு வந்துவிட்டாளாம். காரணம் யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாவா கடையை மூடியபின் கடிகாரம் என் வீட்டுக்கு வந்தது. சரியான நேரம்தான் காட்டுகிறது. பத்தேகால் ஆனால் நிமிர்ந்து அதையே பார்க்கிறேன். அவளிடம் உண்மையைச் சொன்னால், அவள் நோய் எனக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவதாக உட்கார்ந்த அந்தப் பள்ளிப்பட்டு அம்மா எதையுமே பார்க்காமல் போயிருந்தால், அந்தப் புதுக் காயத்தைத் தருவது நானாகிவிடுவேன். சொல்வதா, வேண்டாமா? படிப்பவர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.