துளசியின் மூன்றாவது காலை

காலை 6.52. சதுப்பின் நடுவில், தோட்டா போட்ட துவக்குடன் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த துளசியோ தன் துவக்கைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவள் செய்தது சரி, நான் செய்தது பிழை. இந்தப் பொறுப்பாளர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, நடந்ததை நேர ஒழுங்கில் எழுதுகிறேன்.

1. புறப்பாடு

நான் லண்டனில், மிச்சம் என்ற ஊரில் வசிப்பவன். தேம்ஸ் கடலோடு சேரும் பக்கத்தில் நீர்ப்பறவை வேட்டையாடும் ஒரு கழகத்தில் பதினொரு வருடமாகப் பகுதிநேரப் பொறுப்பாளராக இருக்கிறேன். புதிய உறுப்பினர் யாரும் உடனே தனியாகச் சுட முடியாது. பொறுப்பாளருடன் மூன்று தடவை போக வேண்டும். மூன்றாவது தடவை நான் படிவத்தில் பாஸ் போட்டால்தான் அதன்பின் தன்பாட்டில் போகலாம். போடாவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

துளசிக்கு இருபத்தாறு வயது. மோர்டனில் பார்மசிஸ்ட். துவக்கு லைசென்ஸ் கைக்கு வந்த கிழமையே கழகத்தில் சேர்ந்தவள். அவளுடைய நாய் மிளகு, இரண்டு வயது கறுப்பு லாப்ரடோர். செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள், அதிகாலை நான்கு மணிக்கு இருவரையும் காரில் ஏற்றினேன்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"நான் யோகாவுக்குப் போறன் எண்டு கோயில்ல சொல்லித் திரியிறா, அங்கிள்."

"வாத்தோட வீட்டுக்குப் போனா?"

"வாத்துக் கறி அவதான் வைப்பா. சுட்டது ஆர் எண்டு மட்டும் வாய் திறக்கமாட்டா." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இண்டைக்கு ஃபெயிலாக்கிப் போடாதீங்கோ அங்கிள். இன்னொரு வருஷம் என்னால பொறுக்க ஏலாது."

2. முதல் வாத்து

4.55க்குக் காரை நிறுத்தினோம். 5.20க்குக் கிரீக்கைக் கடந்தோம். சேற்று நிலத்தை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும் வாய்க்காலைத்தான் இங்கே கிரீக் என்கிறோம். அதைக் கடக்க ஒரே ஓர் இடம் உண்டு. அடியில் கல் போட்டு, இரண்டு பக்கமும் மரக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

மறுபக்கம் இருந்த ஒரு குளத்தின் நாணல் ஓரத்தில் குந்தியிருந்தோம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியதும் சிறகுச் சத்தம் கேட்டது. துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். பதினொரு வருடம் கேட்டிருந்தும் என் நெஞ்சு இன்னும் அதற்கு அடித்துக்கொள்ளும். முதலில் வந்த மூன்றையும் துளசி சுடவில்லை. "தூரம்," என்றாள். சரியான கணிப்பு. 6.18க்கு ஒரு மலார்ட் வாத்து தாழ்வாக வந்தது. எழுந்தாள், ஒரே வெடி. வாத்து குளத்தின் மறுகரையில் விழுந்தது.

மிளகு நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் சொல்லும்வரை அசையவில்லை. துளசி கையைக் காட்டியதும் தண்ணீருக்குள் பாய்ந்தாள். நீந்திப் போய், நாணலுக்குள் மறைந்து, வாயில் வாத்துடன் வெளியே வந்தாள். மிளகு வேட்டையில் எடுத்த முதல் பறவை அது. துளசி ஈர நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அங்கிள்! ஒரு இறகு கசங்கேல்லை!"

நானும் கை தட்டிவிட்டேன். சதுப்பில் கை தட்டக் கூடாது என்று விதி எழுதியவனே நான்தான்.

3. கிரீக்

6.45 தாண்டியதும் பெரிய கூட்டம் வந்தது. முப்பதுக்குக் குறையாது. தலைக்கு மேல் வட்டமடித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் இறங்கியது. இப்படி ஒரு காலை பருவத்தில் ஒரு தடவை கிடைத்தாலே பெரிது. துளசி வானத்தைப் பார்க்கவில்லை.

"அங்கிள், கிரீக்கில நுரை உள்பக்கமா வருது."

"காத்தா இருக்கும்."

"காத்து மற்றப் பக்கம். தண்ணி ஏறுது."

நான் நோட்புக்கை நீட்டினேன். அதில் நான் எழுதியிருந்தபடி, கடல் பெருகி உச்சத்தைத் தொடும் நேரம் 10.10. அதற்கு இரண்டரை மணித்தியாலம் முன்னர் வெளியேற வேண்டும் என்பது விதி. அதன்படி 7.40வரை இருக்கலாம்.

"நோட்புக்கில சரி அங்கிள். கிரீக்கில?"

"இன்னும் ஒரு வட்டம், பிள்ளை. இறங்கப் போகுது. இரும்."

அப்போதுதான் அவள் துவக்கைத் திறந்தாள். "நீங்க பாஸ் போடாட்டிலும் பரவாயில்லை. நான் போறன். உங்களை விட்டிட்டும் போகமாட்டன். எழும்புங்கோ."

நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் காட்டுவதற்காகவே நீர்மட்ட அட்டவணைப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அட்டையில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: கோடை நேரத்துக்கான ஒரு மணித்தியாலம் ஏற்கெனவே கூட்டப்பட்டுள்ளது.

மார்ச்சிலிருந்து ஒக்டோபர் கடைசிவரை இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பார்கள்; பழைய புத்தகங்களில் அதைக் கூட்டியிருக்கமாட்டார்கள். பத்து வருடமாக நானே கூட்டி, நோட்புக்கில் சிவப்பு மையால் எழுதி வந்தேன். இந்த வருடப் புத்தகம் வேறு அச்சகத்தினுடையது. அட்டையைப் படிக்காமல் வழமைபோல் கூட்டிவிட்டேன். உண்மையான உச்சம் 9.10. நாங்கள் 6.40க்கே வெளியேறியிருக்க வேண்டும்.

ஓடினோம். கடவைக்குப் போனபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது, வேகமும் எடுத்திருந்தது. துளசி தடியால் கல்லைத் தட்டித் தட்டி முன்னே போனாள். நான் அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். மிளகு எங்களுக்கு இடப்பக்கம் நீந்தினாள். பாதி வழியில் என் கால் கல்லை விட்டு விலகிச் சேற்றில் புதைந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது.

"இழுக்காதீங்கோ! குதியைத் திருப்புங்கோ... இப்ப தூக்குங்கோ! அங்கிள், துவக்கு நனைஞ்சா நனையட்டும், என்ர தோளைப் பிடியுங்கோ!"

கால் வந்தது. மூவரும் கரையேறினோம். கடல் அணையின் மேல் நின்று திரும்பிப் பார்த்தபோது மணி 7.14. கம்பங்களின் நுனி மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் விட்டுவந்த குளத்தில் அந்த முப்பதும் இறங்கிக்கொண்டிருந்தன.

"சீரியஸா?" என்றாள் துளசி, வாத்துகளைப் பார்த்து. இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

4. படிவம்

அன்றே கமிட்டிக்கு என் பிழையை எழுதி அனுப்பினேன். அதன்பின் ஒரு விதி சேர்ந்தது: உச்ச நேரத்தைப் பொறுப்பாளரும் கூட வருபவரும் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் கார் புறப்படாது. நீங்கள் இந்த வேலைக்கு வந்தால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், புத்தகத்தை அட்டையிலிருந்து படியுங்கள்.

துளசியின் படிவத்தில் ஏழாவது கேள்வி: பொறுப்பாளரின் அறிவுறுத்தலைப் பின்பற்றினாரா? நான் 'இல்லை' என்று எழுதினேன். கீழே பாஸ் என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

கழகத் தலைவர் தொலைபேசியில் கேட்டார். எது சரி, 'இல்லை' என்பதா, பாஸ் என்பதா?

இரண்டும் சரி என்றேன்.