ஏணை வேகத்தில் ஒரு சரணம்

ஒருவர் இயற்றிய பாட்டைப் பிழையாகப் பாடியவளுக்கு அந்தப் பாட்டில் பங்கு உண்டா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் கணவரின் அக்கா திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர். வேலை முடிந்து வந்து கீர்த்தனைகள் இயற்றுவார். இருபது வருடங்களாக இயற்றியும், அவருடைய பாடல்களுக்கென்று முதற் கச்சேரி சென்ற நவராத்திரிக்குத்தான் கோயில் மண்டபத்தில் நடந்தது. பாடியவள் நான். ஏழு மாத மகளை ஏணைச் சேலையில் ஆட்டி ஆட்டித்தான் பயிற்சி செய்திருந்தேன்.

கடைசிப் பாட்டின் சரணத்துக்கு வந்தபோது, முன்வரிசையில் கணவரின் மடியிலிருந்த மகள் வீரிட்டு அழுதாள். விரைவாகப் பாட வேண்டிய வரிகளை, என்னை அறியாமலே ஏணை ஆட்டும் வேகத்தில் பாடிவிட்டேன். மிருதங்கக்காரர் திகைத்து, பிறகு என்னோடு சேர்ந்துகொண்டார். மகள் தூங்கிப்போனாள். எப்படியோ பாட்டை முடித்தேன். மச்சாளின் இருபது வருட உழைப்பைக் கெடுத்துவிட்டேனே.

மேடையால் இறங்கியதும், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்” என்றேன்.

“கப்பல் மாதிரி ஓடவிட்ட பாட்டைப் பிடிச்சு ஏணையில போட்டிட்டாய்” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அந்தச் சரணம் எனக்கு ஒருநாளும் சரிவரேல்லை. இப்பதான் வந்திருக்கு. இனி அப்படித்தான் பாடவேணும்.”

இப்போது அவருடைய பாடல்கள் புத்தகமாகின்றன. அந்தப் பாட்டின் கீழே என் பெயரையும் போடப் போகிறாராம். “ஏலாது மச்சாள்” என்றால், “அப்ப பிள்ளையின்ர பெயரைப் போடுறன்” என்கிறார்.

‘ஓம்’ என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. அதுதான் பயம். நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?