வயலில் இரண்டு பேர்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஒரு சாயங்காலம், இயேசு வந்து எங்கள் தெரு முழுவதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார், என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று நம்பினேன். கொஞ்ச நேரம்தான் அது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்திலிருந்து வெளியே வர எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

எங்கள் தெரு திருவாரூருக்குக் கிழக்கே, வயலை ஒட்டி இருந்தது. எல்லோரும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுக்கிறவர்கள். தரங்கம்பாடி மிஷன்காரர்கள் காலத்திலேயே எங்கள் ஆட்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள். கீற்றுக் கொட்டகைதான் எங்கள் கோயில். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

சென்னையில் ஆட்சி மாறிய புதிது. ஏழைகளுக்கு இனி நல்ல காலம் என்று மேடைகளில் பேசினார்கள். வயலில் கூலி மட்டும் ஏறவில்லை. கூடுதல் நெல் கேட்டுச் சங்கம் செங்கொடி நட்டது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சித்தப்பா சங்கத்தில் முன்னால் நின்றார். கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அம்மாவுக்கு போலீஸ் பயத்தைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

அறுப்பு தொடங்கும் நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து கூட்டம் நடத்தினார். பெரிய மிராசுதார் தன் களத்தையே பந்தலுக்குக் கொடுத்தார், மைக் செட்டுக்குக் கரண்டும் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று யாரும் யோசிக்கவில்லை. நம்மையும் மதிக்கிறாரே என்று பெருமைதான் பட்டோம்.

பிரசங்கியாருக்கு உருக்கமான குரல். இரகசிய வருகையைப் பற்றிப் பேசினார். கண் இமைக்கிற நேரத்தில் ஆண்டவர் தம்முடைய பிள்ளைகளை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கடைசிக் காலத்தில் வரும் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் கையில் மாட்டிக்கொள்வார்கள் என்றார்.

“வயல்ல ரெண்டு பேர் நிப்பாங்க. ஒருத்தர எடுத்துக்குவாரு, ஒருத்தர விட்டுருவாரு. கையில கொடியப் புடிச்சிக்கிட்டு இருக்கிறவன் எப்படிங்க மேல போவான்?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் என் பாவங்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்துப் புளியம்பழம், அம்மாவிடம் சொன்ன பொய்கள், சினிமா போஸ்டரை நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அம்மா வாய்க்காலிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் வந்து நின்றுகொள்வேன். அவள் குரல் கேட்டபிறகுதான் உள்ளே போவேன். அவள் மேலே போகிறவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பற்றித்தான் சந்தேகம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பு பாதி அணைந்திருந்தது. துவைக்கிற கல்லில் அம்மாவின் புடவை பிழியாமல் கிடந்தது. பக்கத்து வீட்டில் தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. “அம்மா” என்று கூப்பிட்டேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். அங்கேயும் யாரும் இல்லை.

கைக்குழந்தை வரைக்கும் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் நிச்சயம் போயிருக்க மாட்டார். கொடி பிடித்தவர், ஜெபம் செய்யாதவர். அவரும் நானும் சேர்ந்து இருந்துகொள்ளலாம். அந்த நினைப்பில் எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல வார்த்தை இல்லை. சங்கம் கேட்ட கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒரு சின்ன விவசாயியின் வயலில் அவரும் அப்பாவும் அன்று அறுப்பதாக இருந்தார்கள். அங்கே ஓடினேன். பாதி அறுத்த வயல். வரப்பில் அவருடைய துண்டு. தாளுக்கு நடுவில் அரிவாள்.

சித்தப்பாவையே எடுத்துக்கொண்டார் என்றால் நான் எவ்வளவு கெட்டவள்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வடிகால் பக்கமிருந்து இருமல் கேட்டது. கோரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு என்னைத் தண்ணீருக்குள் இழுத்தது. அம்மா. அவளுக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் எங்கள் தெருவே நின்றுகொண்டிருந்தது.

“சத்தம் போடாத. போலீஸ் வந்திருக்கு, கூடவே மிராசுதார் ஆளுங்க. வயல்லயே வச்சு சித்தப்பாவப் புடிச்சு வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

“அப்பா?”

“தண்ணி குடிக்க அந்தாண்ட போயிருந்தாரு. தப்பிச்சாரு.”

அப்பா சற்றுத் தள்ளி, தலை குனிந்தபடி நின்றார். நான் அம்மாவின் காதில், “வருகை வந்துடுச்சுன்னு நெனச்சேம்மா” என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். “இங்கதான்டி இருக்கோம், எல்லாரும் இங்கதான் இருக்கோம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதம் சொல்வதை எடுத்துக் காட்டினார். அம்மா, “அவனுக்காக ஜெபம் பண்ணுங்கய்யா” என்றாள். சித்தப்பா மனந்திரும்ப வேண்டும் என்று அவர் ஜெபித்தார். விடுதலையாக வேண்டும் என்று கேட்கவில்லை. ஜெபத்தின் நடுவில் அம்மா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணைத் திறந்திருந்ததால் எனக்கு அது தெரியும். ஆனாலும் அவள் கோயிலை விடவில்லை. நானும் விடவில்லை.

கூலி கொஞ்சம் ஏறியது. சித்தப்பா சிறையிலிருந்து ஒரு காது கேட்காமல் திரும்பினார். அந்தப் பக்கம் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பூதலூருக்குப் போய் ரயிலடியில் மூட்டை தூக்கினார்.

தஞ்சாவூரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது பிரசங்கியார் சொன்ன அந்த வேதப் பகுதியை நானே, பயந்துகொண்டே, எடுத்து வாசித்தேன். வயலில் இரண்டு பேர் என்ற வசனத்துக்குச் சற்று முன்னால் ஜலப்பிரளயம் வருகிறது. வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது என்று இருக்கிறது. வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் செத்தவர்கள். மிஞ்சியவர்கள்தான் பேழைக்குள், அந்த மரக்கப்பலுக்குள், பிழைத்தவர்கள். அப்படியானால் அடுத்து வருகிற அந்த வயலிலும், எடுத்துக்கொண்டு போகப்படுவது நல்லது என்று யார் சொன்னது? வெள்ளத்தையும் போலீஸ் வேனையும் பார்த்த எங்கள் தெருவில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. கூடவே, இப்படி வாசிப்பதும் பாவமோ என்ற பயம்.

விடுமுறையில் பூதலூர் போனபோது சித்தப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து இதைச் சொன்னேன். வயலுக்கு அவரைத் தேடி ஓடியதையும் சொன்னேன். அவர் எடுத்த பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார்.

“லாக்கப்புல நான் ஜெபம் பண்ணேன் பாப்பா. அடிக்க அடிக்கப் பண்ணேன். சங்கத்துல யாருகிட்டயும் சொல்லிடாத, சிரிப்பாங்க.”

“என்னன்னு பண்ணீங்க சித்தப்பா?”

“ஒங்கப்பன் அங்க வந்து மாட்டக்கூடாதுன்னுதான்.”